நிலா வெளிச்சத்தில் ஒரு தோணிப் பயணம் - பக்கிங்காம் கால்வாயின் கதை

தரமணி பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளாதவர்கள் குறைவு. பக்கத்தில் கறுப்பாகக் கிடக்கும் தண்ணீரைச் சாக்கடை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1934-ல் இதே கால்வாயில் ஒரு நண்பர் கூட்டம் நிலாவை ரசித்துக்கொண்டே மாமல்லபுரம் வரை தோணியில் போனது என்றால் நம்ப முடிகிறதா?

அந்தத் தோணியில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர். மயிலை சீனி. பின்னாளில் மகேந்திரவர்மனைப் பற்றியும் நரசிம்மவர்மனைப் பற்றியும் தனித்தனி நூல்களே எழுதினார். மாமல்லபுரம் போக இதைவிட நல்ல துணை கிடைக்குமா! இந்தப் பயணத்தைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாக்கினார். (செலவு என்றால் இங்கே காசு இல்லை, பயணம்.) கால்வாய் புதுச்சேரி வரை நீள்வதாக அதில் சொல்கிறார். உண்மையில் அது மரக்காணத்தோடு நின்றுவிடும். ஊர்ப்பாசம் போலும்!

தோணி என்றதும் மோட்டார் படகை நினைக்க வேண்டாம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் ஒருவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார், இன்னொருவர் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுப்பார். உப்பும் விறகும் சென்னைக்கு வந்தது இப்படித்தான். அந்தக் காலத்துச் சமையலறைகள் பலவற்றில் எரிந்தது இந்தத் தோணியில் வந்த விறகு.

கால்வாய் பிறந்த கதைதான் கொடுமை. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு பகுதி வெட்டப்பட்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இணைப்பு இல்லை. அந்த 8 கிலோமீட்டரை வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்கள். 1877 தொடக்கத்தில் மாகாணத்தின் நிவாரண வேலைகளுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் (சுமார் 450 கிராம்), கூட ஓர் அணா. மண் சுமக்கிறவனுக்கு இது எப்படிப் போதும்? மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது, அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. 1878-ல் கால்வாய்க்குக் கிடைத்தது கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

ரயிலும் லாரியும் வந்தபின் தோணிகளுக்கு வேலை குறைந்தது. 1960-களின் புயல்கள் கரைகளை உடைத்தன. பிறகு நகரத்தின் கழிவுநீரும் இதில் கலந்தது. போதாக்குறைக்கு, பறக்கும் ரயிலின் தூண்களை மயிலாப்பூர் பக்கம் கால்வாய்க்குள்ளேயே நட்டுவிட்டார்கள். 2007-ல் அந்த ரயில் தரமணி வழியாக வேளச்சேரி வரை நீண்டது. மறு வருடமே, 2008-ல், இதே கால்வாயை உள்ளடக்கித் தேசிய நீர்வழி எண் 4 அறிவிக்கப்பட்டது. தூண்களுக்கு நடுவே தோணி எப்படிப் போகும் என்பதை அறிவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.