ஆர்லியன்ஸ் அவென்யூவின் மாடி அறை

நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில், 1941இல் சாண்ட்விச் கடையாகத் தொடங்கியது 'டூக்கி சேஸ்'. 1946இல் அதை நடத்திய சேஸ் குடும்பத்துக்கு மருமகளாக வந்த லியா சேஸ்தான் அதை வெள்ளைத் துணி விரித்த மேசைகளோடு கிரியோல் உணவகமாக்கினார். கறுப்பின மக்களுக்கு நகரின் பெரிய உணவகங்கள் கதவடைத்திருந்த காலம் அது.

கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே சட்டவிரோதம். ஆனாலும் இங்கே மாடி அறையில் இரு தரப்பினரும் கூடி, கம்போ என்ற குழம்பைச் சாப்பிட்டபடியே சிவில் உரிமைப் போராட்டத்துக்குத் திட்டமிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் வந்திருக்கிறார். பசியோடு போராட முடியாதென்பது லியாவுக்குத் தெரிந்திருந்தது.

கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததென்பார்கள். ஆனால் பெரிய வியாழனன்று இங்கே கொதிப்பது கீரைக் கம்போ. கடுகுக்கீரை, டர்னிப் கீரை, முட்டைக்கோஸ் என்று வகைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். வெந்த கீரையை அரைத்து, இறைச்சியும் சாசேஜும் சேர்த்தால் கரும்பச்சைக் குழம்பு திரண்டு வரும். மறுநாள் புனித வெள்ளி, இறைச்சி கிடையாது. அதனால்தான் இந்தத் தாராளம்.

2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் உணவகத்துக்குள் புகுந்தது. 2007இல் மீண்டும் கதவு திறந்தது. 2019இல் 96 வயதில் மறையும்வரை லியா அந்தச் சமையலறையை விட்டு விலகவில்லை.