ஆறு அங்குலத்தை இறக்கிய கதை

அமெரிக்க நகரங்களில் நடைபாதை ஓரக்கல்லின் உயரம் பெரும்பாலும் 6 அங்குலம். நடந்து போகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ பயணம் அங்கேயே முடிந்துவிடும். கலிபோர்னியாவில் ஒரு நகராட்சியின் பொதுப்பணிப் பிரிவில் நடைபாதை ஆய்வாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்த 6 அங்குலத்தை இறக்க அந்த நாட்டில் எத்தனை பேர் போராடினார்கள் என்பது பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன்.

கதை மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் தொடங்குகிறது. அருகிலுள்ள பேட்டில் கிரீக்கில், இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்த வீரர்களுக்கான பெரிய ராணுவ மருத்துவமனை இருந்தது. 1945இல் ஜாக் ஃபிஷர் என்ற வழக்கறிஞர் ஓரக்கல் தடையை நீக்கக் கோரி கலமசூ நகர நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தார். அவரும் மாற்றுத்திறனாளியான முன்னாள் ராணுவ வீரர்தான். நகரின் மையப் பகுதியில் சில தெருமுனைகளில் சிமென்ட் சாய்தளம் வந்தது. ஆனால் மற்ற ஊர்களைக் கட்டாயப்படுத்த அன்று சட்டம் கிடையாது.

அடுத்த அடியை எடுத்துவைத்தது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். எட் ராபர்ட்ஸுக்கு 14 வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மூச்சுவிட இரும்புப் பெட்டி போன்ற கருவி வேண்டும். 1962இல் அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு, அந்தக் கருவியை வைக்க விடுதி அறை தோதுப்படாததால், வளாக மருத்துவமனையிலேயே இடம் ஒதுக்கினார்கள். அவரைப் பார்த்து இன்னும் பல மாற்றுத்திறனாளி மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். படிக்க இடம் கிடைத்தது. தெருவைக் கடக்க வழியில்லை. அவர்கள் திரண்டு போய்க் கேட்ட பிறகு, 1971இல் நகர கவுன்சில் தெருமுனைச் சாய்தளங்களைத் தன் கொள்கையாகவே ஏற்றது. எந்தப் பாதையில் முதலில் போட வேண்டும் என்று திட்டமிட்டவர்களில் ஹேல் ஜூகஸ் முக்கியமானவர். மூளை முடக்குவாதத்தோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவருக்கு அந்தத் தெருக்களின் தடைகள் ஒவ்வொன்றும் அத்துப்படி.

1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அதன்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் தடைகளைப் பட்டியலிட வேண்டும். அவற்றை எப்படி, எப்போது நீக்கப்போகிறது, பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் தர வேண்டும். கட்டுமான மாற்றங்களுக்குக் கெடு 1995 ஜனவரி 26. கெடு முடிந்தபோதும் எத்தனையோ நகரங்களில் ஓரக்கல் அப்படியே நின்றது. நிதி இல்லை என்பதுதான் வழக்கமான பதில்.

கெடு முடிவதற்கு முன்பே மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். சாலைக்குப் புதிதாகத் தார் போட்டாலே அது மாற்றியமைக்கும் வேலைதான், கூடவே சாய்தளமும் போட வேண்டும் என்று பிலடெல்பியா வழக்கில் 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999இல் சேக்ரமெண்டோ நகரின் மீது வழக்கு வந்தது. நடைபாதை என்பது நகரம் வழங்கும் சேவையே அல்ல என்று நகரத் தரப்பு வாதிட்டது. கீழ் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. 2004இல் உடன்பாடு ஏற்பட்டது: போக்குவரத்து நிதியில் ஆண்டுதோறும் 20 சதவீதத்தை, அதிகபட்சம் 30 ஆண்டுகளுக்கு, நடைபாதைத் தடைகளை நீக்க நகரம் ஒதுக்க வேண்டும்.

காசு வந்தபின் கவனம் வேண்டும். சாய்தளத்தில் 12 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் ஏற்றம் கூடாது. 6 அங்குல ஓரக்கல்லுக்கு 6 அடி நீளமாவது தேவை. டிஜிட்டல் ரசமட்டத்தை வைத்தால் 8.3 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 9 காட்டினால் உடைத்துப் போடச் சொல்வேன். காண்ட்ராக்டர் முகம் சுருங்கும். சாலையைத் தொடும் இடத்தில் அரை அங்குலம் தூக்கி நின்றாலும் நாற்காலியின் சிறிய முன்சக்கரம் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். குறுக்கே சாய்வு கூடினால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். பார்வையற்றவர்களையும் நினைக்க வேண்டும். கைத்தடிக்கு ஓரக்கல்தான் சாலையின் அடையாளம். அதை எடுத்துவிட்டால், சாலை தொடங்குவதைக் காலும் தடியும் உணரும்படி அங்கே குமிழ்கள் கொண்ட மஞ்சள் பலகை பதிக்க வேண்டும். ஒருவருக்கு வழி திறக்கும்போது இன்னொருவரின் வழியை மூடிவிடக் கூடாது.

கலமசூவில் மனு, பெர்க்லியில் தீர்மானம், வாஷிங்டனில் சட்டம் என்று எல்லாமே தேவைப்பட்டன. ஆனாலும் சேக்ரமெண்டோவில் வேலையைத் தொடர்ந்து நடத்த வைத்தது, பட்ஜெட்டில் ஒதுக்கியே ஆக வேண்டிய அந்த 20 சதவீதம்தான். எந்த ஊர் நிர்வாகமாவது மாற்றுத்திறனாளிகளுக்கு வழிசெய்வோம் என்று சொன்னால், தடைகளின் பட்டியல், முடிக்கும் தேதி, ஒதுக்கிய தொகை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஓரக்கல் அசையாது.