கொலாபாவில் உருவான எக்ஸ்ரே தொலைநோக்கி

கருந்துளை ஒளியை வெளியே விடாது. ஆனால் அதைச் சுற்றிச் சுழன்று உள்ளே விழும் வாயு பல லட்சம் டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்ரே கதிர்களைக் கொட்டுகிறது. வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் மிச்சங்களும் அப்படியே. இக்கதிர்கள் தரைக்கு வருவதில்லை; வளிமண்டலம் வழியிலேயே விழுங்கிவிடுகிறது. உயிர்களுக்கு அது காப்பு, வானியலாளர்களுக்கு இடைஞ்சல். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ராக்கெட்டில் கருவியை ஏற்றி அனுப்பிய பிறகுதான், சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள முதல் எக்ஸ்ரே ஊற்று விருச்சிக மண்டலத்தில் பிடிபட்டது.

இந்தியாவில் இத்துறை பம்பாயில் வேர்விட்டது. ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், காஸ்மிக் கதிர்களை அளக்கப் பிளாஸ்டிக் பலூன்களைத் தானே செய்து பறக்கவிட்டுக் கைதேர்ந்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் எக்ஸ்ரே கருவிகளும் பலூனில் ஏறி, ஹைதராபாத்திலிருந்து உயரே போயின. ஏறத்தாழ 40 கி.மீ. உயரம், சில மணி நேரக் கண்காணிப்பு, அவ்வளவுதான். ஆற்றல் மிகுந்த கதிர்கள் மட்டுமே அந்த உயரம்வரை இறங்கிவரும். மற்றவற்றுக்குச் செயற்கைக்கோள்தான் வழி.

1975 ஏப்ரல் 19இல் சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோளில் ஓர் எக்ஸ்ரே கருவி இருந்தது. மின்சாரக் கோளாறால் சில நாள்களிலேயே ஆய்வு நின்றுபோனது. அடுத்த நல்ல வாய்ப்பு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அப்போது இஸ்ரோ தலைவராக இருந்தவர் கே. கஸ்தூரிரங்கன். எர்ணாகுளத்தில், தமிழ்ப் பூர்வீகக் குடும்பத்தில் பிறந்து, பம்பாய் மாட்டுங்காவின் ரூயியா கல்லூரியில் படித்தவர். முனைவர் பட்டம் வாங்கியதே உயர் ஆற்றல் வானியலில்தான்.

1996 மார்ச் 21இல் பறந்த ஐ.ஆர்.எஸ்.-பி3 நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள். அதில் வானியலுக்குக் கிடைத்தது ஒண்டுக்குடித்தனம்தான். ஆனாலும் டாடா நிறுவனத்தின் மூன்று வாயுக் கருவிகள் ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற கருந்துளையிடமிருந்து வந்த வெடிப்புகளை வரிசையாகப் பதிவுசெய்தன. அது சூரியனைப் போல் சுமார் 12 மடங்கு நிறை கொண்டது. சில வெடிப்புகளில் ஒளி மெல்ல ஏறி, சட்டென்று விழுந்தது. வாயு திரும்பி வரமுடியாத எல்லைக்குள் மறைவதன் அடையாளம் இது என்று குழுவினர் கருதினர். சின்னக் கருவிக்கு இது பெரிய அறுவடை.

வானியலுக்கென்றே தனி வீடு 2015 செப்டம்பர் 28இல் கிடைத்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 ஏற்றிச்சென்ற ஆஸ்ட்ரோசாட், 650 கி.மீ. உயரத்தில் சுற்றத் தொடங்கியது. அதன் மென் (குறைந்த ஆற்றல்) எக்ஸ்ரே தொலைநோக்கி, டாடா நிறுவனம் இருக்கும் பம்பாயின் கொலாபாவில் உருவானது. சாதாரணக் கண்ணாடியில் எக்ஸ்ரே நேராகப் பட்டால் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். பரப்பை உரசினாற்போல் மிகச் சாய்வாக வந்தால்தான் பிரதிபலிக்கும். எனவே தங்கம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகள் 320ஐ வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். அவற்றை உரசிவரும் கதிர்கள் இரண்டு மீட்டர் தள்ளி, மைனஸ் 80 டிகிரியில் குளிரூட்டப்பட்ட உணரியில் குவியும். இந்தியாவில் உருவான எக்ஸ்ரே குவிக்கும் தொலைநோக்கிகளில் இதுவே முதலாவது.

பக்கத்திலேயே செனான் வாயு நிரப்பிய மூன்று பெட்டிகள். குவிப்பது இவற்றின் வேலையல்ல. ஒவ்வொரு கதிர்த்துகளும் வந்த நேரத்தை 10 மைக்ரோ விநாடித் துல்லியத்தில் குறிப்பதே வேலை. வாயுக் கசிவால் மூன்றில் ஒன்று 2018இல் நிறுத்தப்பட்டது. மென் தொலைநோக்கியும் இப்பெட்டிகளும் நாசாவின் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியோடு சேர்ந்து, 4யூ 1630-47 என்ற கருந்துளை அசுர வேகத்தில் சுழல்வதைக் காட்டின: சுழற்சி அளவின் உச்சம் 1 என்றால், இதற்குச் சுமார் 0.9.

வெடித்த நட்சத்திரங்களில் நண்டு நெபுலாவின் கதை தனி. 1054இல் சீனர்கள் பகலிலும் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் மிச்சம் அது. நடுவில் விநாடிக்குச் சுமார் 30 முறை சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம்-ஜிங்க்-டெல்லூரைடு கருவி அதன் கதிர்களின் அதிர்வுத் திசையை அளந்தது. சுழற்சிக்கேற்ப வரும் கதிர்த்துடிப்பு அடங்கியிருக்கும் இடைவெளியிலேயே அத்திசை மிகுதியாக மாறுவதாக 2017இல் வெளியான முடிவு, அதுவரை இருந்த கோட்பாடுகளுக்குச் சங்கடம் கொடுத்தது.

அதிர்வுத் திசையை ஆராய்வதற்கென்றே எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் 2024 ஜனவரி 1இல் ஏவப்பட்டது. இம்முறை முக்கியக் கருவிகள் பெங்களூருவில் உருவானவை. அவற்றுள் ஒன்று முதலில் பார்த்தது காசியோபியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தை. அதன் ஒளியில் மக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு ஆகிய தனிமங்களின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.