வாசலில் நிற்கும் பழைய கார்



"உங்கள் பழைய காரை எங்களுக்குக் கொடுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்களே வந்து இழுத்துச் செல்கிறோம். வரிச்சலுகையும் உண்டு." அமெரிக்காவில் வானொலி கேட்கும் எவரும் இந்த மாதிரி விளம்பரத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, கொடுத்த காரில் எவ்வளவு தர்மத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதை இந்த மாத உரையில் பார்ப்போம்.

இதன் வேர் 1917ல் இருக்கிறது. முதல் உலகப் போரின் செலவுக்காக அமெரிக்க அரசு வருமான வரியைக் கடுமையாக உயர்த்தியது. வசதி படைத்தவர்கள் கல்லூரிகளுக்கும் தர்ம நிறுவனங்களுக்கும் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. அதனால் கொடுத்த நன்கொடையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டுச் சட்டத்திலேயே வழி செய்தார்கள். பின்னாளில் பொருளாகக் கொடுத்தாலும் அதன் சந்தை மதிப்பைக் கழிக்கலாம் என்ற நிலை வந்தது. பழைய காருக்குக் கதவு திறந்தது இப்படித்தான்.

அடுத்தது சின்னக் காரின் கதை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. பெரிய கார்களையே பார்த்துப் பழகிய மக்கள், ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா போன்ற சிறிய ஜப்பானியக் கார்களைத் தேடத் தொடங்கினார்கள். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இங்கு வந்த நம்மவர் பலருக்கும் இப்படிப்பட்ட ஒரு கார்தான், அதுவும் இரண்டாம் கையாக வாங்கியதுதான், முதல் கார். எண்ணெயைக் குறைவாகக் குடித்தது, பல ஆண்டுகள் உழைத்தது. ஆனால் ஒரு நாள் பழுது பார்க்கும் கூலி காரின் விலையை மிஞ்சிவிடும். விற்கப் போனால் கேட்பாரில்லை, கழிக்க மனமுமில்லை. அந்த நேரத்தில்தான் வானொலி விளம்பரம் காதில் விழும்.

1990களில் இந்த நன்கொடை பெருகியது. பெரும்பாலான தர்ம நிறுவனங்கள் கார்களைத் தாங்களே கையாளவில்லை. முகவர்கள் வந்தார்கள். இழுத்துச் செல்லும் கூலி, விளம்பரச் செலவு, ஏலச் செலவு, கமிஷன் எல்லாம் போக மீதிதான் தர்மத்துக்கு. கொடுத்தவரோ விலைப் பட்டியலைப் பார்த்து, நல்ல நிலையில் ஓடும் காருக்கு உண்டான விலையை வரிப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

2003 நவம்பரில் அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2000ஆம் வரி ஆண்டில் சுமார் 7 லட்சத்து 33 ஆயிரம் பேர் வாகன நன்கொடையைக் காட்டி, ஏறத்தாழ 65 கோடி டாலர் வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தணிக்கையாளர்கள் 54 வண்டிகளைக் கடைசிவரை தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், கொடுத்தவர் சொன்ன மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தர்ம நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. 1983ஆம் ஆண்டு டிரக் ஒன்று 375 டாலருக்கு ஏலம் போயிற்று. செலவும் முகவரின் பங்கும் போக நிறுவனத்தின் கைக்கு வந்தது 31 டாலர் 50 சென்ட். கொடுத்தவர் எழுதிய மதிப்பு 2,400 டாலர்!

2004 அக்டோபரில் சட்டம் மாறியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க விரும்பினால், நிறுவனம் அந்தக் காரை எவ்வளவுக்கு விற்றதோ அந்தத் தொகையைத்தான் பொதுவாகக் கழிக்கலாம். அதற்கு 1098-சி என்ற படிவத்தை நிறுவனம் தர வேண்டும். விளைவு உடனே தெரிந்தது. 500 டாலருக்கு மேல் வாகனக் கழிவு கேட்டவர்கள் 2004ல் சுமார் 9 லட்சம் பேர். அடுத்த ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர்தான். 2018ல் நிலையான கழிவுத் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானதும், நன்கொடையைத் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டிய தேவையே பெரும்பாலோருக்கு இல்லாமல் போயிற்று. 2026 முதல் அவர்களுக்கும் ஒரு சிறு சலுகை உண்டு, ஆனால் அது ரொக்க நன்கொடைக்கு மட்டும். காருக்கு இல்லை.

அப்படியென்றால் பழைய காரைக் கொடுப்பது வீணா? இல்லை. விற்ற தொகையைத்தான் கழிக்கலாம் என்ற விதிக்கு விதிவிலக்கு இருக்கிறது. நிறுவனம் அந்தக் காரைத் தன் பணிக்கே பெரிதும் பயன்படுத்தினாலோ, நன்கு பழுது பார்த்து மேம்படுத்தினாலோ, ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலோ முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. வெர்மான்ட் மாநிலத்தில் குட் நியூஸ் கராஜ் என்ற அமைப்பு 1996லேயே இந்தப் பணியைத் தொடங்கியது. அரசு உதவித்தொகை பெறுவோர் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். பேருந்து போகாத ஊரில் கார் இல்லாமல் எப்படி வேலைக்குப் போவது? நன்கொடையாக வந்த கார்களைப் பழுது பார்த்து அத்தகைய குடும்பங்களிடம் சேர்த்தார்கள்.

இந்த வரலாறு சொல்லும் செய்தி ஒன்றுதான். காரைப் பணமாக்கினால் வழியெங்கும் கரைகிறது. காராகவே கொடுத்தால் முழுதாகப் போய்ச் சேர்கிறது.

ஆகவே நேயர்களே, உங்கள் வாசலில் நிற்கும் சின்னக் கார் இன்னும் ஓடுகிறதென்றால், அதை ஒரு குடும்பத்திடம் சேர்க்கும் அமைப்பு அருகில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். ஓடாது என்றால் ஏலம்தான் வழி. அந்தச் சிறு தொகையும் நல்ல காரியத்துக்கு உதவும். ஆனால் விற்ற பணத்தில் எத்தனை சதவீதம் நிறுவனத்துக்குப் போகும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். உரிமைப் பத்திரத்தைப் பெயர் மாற்றிக் கொடுக்கவும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்த மாதம் வேறொரு வரலாற்றோடு சந்திப்போம்.