சுண்ணாம்புக் கம்பமும் சுற்றுலாத் தெருவும்

ஜாலான் புசார் என்பது மலாய்த் தொடர். 'ஜாலான்' சாலை, 'புசார்' பெரியது. அப்பெருஞ் சாலைக்கும் சிராங்கூன் சாலைக்கும் அண்மையிலுள்ள தெருப் பெயர்களை ஊன்றி நோக்கின், அவ்வட்டாரத்தின் பழந்தொழில் புலப்படும். 'லெம்பு' மாடு, 'கெர்பாவ்' எருமை, 'கண்டாங் கெர்பாவ்' எருமைத் தொழுவம். சதுப்பு நிலமும் ரோச்சோர் ஆற்று நீரும் கால்நடைத் தொழிலுக்கு உதவின. சிராங்கூன் சாலையோரத்தில் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் எழுந்தன. காளவாயில் பாடுபட்ட தமிழர் அவ்விடத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். கம்பம் என்பது 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலும் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே வழங்கிற்று.

இவ்வட்டாரத்தின் வரலாற்றில் அரசாங்கம் இரு வகையாகக் கை நீட்டியது. ஒன்று, கடல் கடந்து வந்த தொழிலாளிக்கு அளித்த உதவி. மற்றொன்று, அவன் புழங்கிய தெருக்களைச் சுற்றுலாவுக்கு உரியனவாக்கிய திட்டம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வது பயனுடையது.

1907ஆம் ஆண்டு நிதி

முற்காலத்தில் தொழிலாளர் இரு வழிகளில் வந்தனர். ஒப்பந்தக் கூலியாய் வந்தவன், தன் கப்பற்செலவு கழியும்வரை ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்தான். கங்காணி வழி வந்தவனோ முன்பணக் கடனைத் தலையிற் சுமந்தான். இரண்டிலும் அவன் கரையிறங்கும் முன்பே கடனாளியானான்.

1907இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாய்க் கூட்டு நாடுகளிலும் தமிழர் குடியேற்ற நிதி சட்டப்படி நிறுவப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள், அவர்கள் உழைத்த நாட்களைக் கணக்கிட்டு அந்நிதிக்கு வரி செலுத்தினர். அதிலிருந்து கப்பற் கட்டணமும், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் செலவும் கொடுக்கப்பட்டன. இதனால் தொழிலாளி கடனின்றிக் கரையிறங்க வழி பிறந்தது. 1910இல் இந்தியரின் ஒப்பந்தக் கூலி முறையும் நிறுத்தப்பட்டது.

இஃது அருளால் மட்டும் விளைந்ததா? அன்று. அந்நாளில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஆள் தேவை மிகுந்தது. ஒரு முதலாளி பணம் செலவிட்டு ஆள் வரவழைக்க, அடுத்தவர் அவ்வாளைத் தம்பால் இழுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அனைவரும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே இந்நிதி. ஆள் வரத்துத் தடையின்றி இருந்தமையால் கூலி உயராமலும் காக்கப்பட்டது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது, அழைத்து வந்த அதே நிதியே பல்லாயிரவரைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1938 ஜூனில், கூலிக் குறைப்பை எதிர்த்த இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. அத்துடன் அம்முறை முடிவுற்றது. எனினும் முதலாளியின் நலத்திற்கென எழுந்த அச்சட்டத்தால் தொழிலாளிக்கும் ஒரு நன்மை கிட்டியது என்பதை மறுத்தல் இயலாது.

தெருவே காட்சிப்பொருள்

சிங்கப்பூரில் 1964இல் சுற்றுலா மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1980களின் முற்பகுதியில் பயணிகள் வருகை தளர்ந்தது. பழைய கட்டடங்களை இடித்து உயர்மாடிகளைக் கட்டினால், நகரின் தனித்தன்மை போய்விடும் என்ற அறிவு அப்போது பிறந்தது. 1986இல் நூறு கோடி வெள்ளி அளவிலான சுற்றுலா வளர்ச்சித் திட்டம் வகுக்கப்பட்டது. 1989 ஜூலை 7ஆம் நாள் சிராங்கூன் சாலை வட்டாரம் 'லிட்டில் இந்தியா' என்னும் பெயரில் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. நம் மக்கள் நாவில் அவ்விடம் இன்றும் 'தேக்கா'வே.

இக்காலத்தில்தான் கட்டுமானப் பணிக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் புதிய தொழிலாளர் வந்தனர். ஞாயிறுதோறும் அவர்கள் இங்கே கூடி, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பரைக் கண்டு, ஊர்ச் சாப்பாடு உண்டனர். 2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தொழிலாளி பேருந்தில் சிக்கி மாண்டதும், அதையொட்டிக் கலவரம் மூண்டதும் யாவரும் அறிந்தவை. 2015இல் ஆயிரம் பேருக்கு மேல் தங்கும் விடுதிகளுக்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2020இன் பெருந்தொற்று விடுதிகளின் நெருக்கத்தை வெளிப்படுத்தியது. 2023 ஏப்ரல் முதல் ஏழு பேர் தங்கும் விடுதியும் அச்சட்டத்தின்கீழ் வந்தது. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்களே.

ஆயினும் ஓர் ஒப்பீடு நம் நெஞ்சை உறுத்துகிறது. அன்று முதலாளி செலுத்திய வரி, தொழிலாளியின் கப்பற் கட்டணமாயிற்று. இன்றும் முதலாளி ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் மாதந்தோறும் தீர்வை செலுத்துகிறார். அத்தீர்வை ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த எழுந்தது. அரசின் வருவாயிற் சேர்வது. தொழிலாளருள் பலரோ முகவருக்குப் பெருந்தொகை கொடுத்து, அக்கடனை அடைக்கவே முதன்மாதங்களில் உழைக்கின்றனர். நூறாண்டுக்கு முன் ஒரு சட்டம் நீக்க முயன்ற கடன், வேறு வாயிலாய் மீண்டும் புகுந்துவிட்டது.

தமிழாசிரியர்கள் மாணவரைத் தேக்காவுக்கு அழைத்துச் செல்லும்போது வண்ணம் பூசிய கடைவீடுகளோடு நின்றுவிடலாகாது. சுண்ணாம்புக் கம்பம் என்னும் பெயரையும் சொல்லுக. அச்சுண்ணாம்பைச் சுட்டவன் யார் என்றும் கேட்பிக்க. கட்டடத்தைப் பேணும் நகரம், அதனை எழுப்பிய கையையும் பேணுதல் முறையன்றோ?