திருகும் பட்டையும்: இரண்டு அமெரிக்கக் கோலிகள்

பழைய கண்ணாடிக் கோலி சேர்ப்பவர்கள் முதலில் மயங்குவது நிறத்தில்தான். எந்த ஆலையின் கோலி என்பதற்கு நிறத்தைவிட நல்ல சாட்சி, உருகிய கண்ணாடி இயந்திரத்தில் விழுந்த விதம். அக்ரோ, பெல்டியர் என்ற இரண்டு ஆலைகளின் கோலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும்.

அக்ரோ அகேட் ஒஹாயோவின் ஆக்ரனில் தொடங்கி, 1914-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்கு மாறி, 1951-இல் மூடப்பட்டது. அதன் அடையாளம் 'கார்க்ஸ்க்ரூ'. உலையிலிருந்து வழியும் பலநிறக் கண்ணாடியை உருட்டுவதற்கு முன்பே முறுக்கிவிட்டார்கள். அதனால் நிறப்பட்டை ஒரு முனையில் கிளம்பி, திருகாணியின் புரிபோலச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போகிறது. கையால் செய்த ஜெர்மன் கோலிகளிலும் நிறம் சுழலும். ஆனால் அவற்றின் முனையில் கண்ணாடிக் கோலிலிருந்து வெட்டிய தழும்பு தெரியும். அக்ரோவில் அது கிடையாது.

இல்லினாயின் ஒட்டாவாவில் இயங்கிய பெல்டியர் ஆலையின் 'நேஷனல் லைன் ரெயின்போ' வகையில் இந்த முறுக்கு இல்லை. அடிநிறத்தின் மேல் நான்கு முதல் ஆறு பட்டைகள் படுத்திருக்கும். எதிரெதிரே இரண்டு பொருத்துக்கோடுகள் தென்படும். கோலியை மெதுவாக உருட்டி அந்தக் கோடுகளைத் தேடுங்கள்.

விலையில் இரண்டும் வெவ்வேறு வழி. இருநிறக் கார்க்ஸ்க்ரூ ஏராளமாகச் செய்யப்பட்டதால் சில டாலருக்கே கிடைக்கும். 'பாப்பாய்' எனப்படும் வகையிலும் சிவப்பு-மஞ்சள், பச்சை-மஞ்சள் சாதாரணம். மூன்றாவது நிறம் கலந்தால் போட்டி அதிகம். பெல்டியரில் நிறச்சேர்க்கையே விலை. நீலத்தில் சிவப்பும் மஞ்சளும் வந்தால் 'சூப்பர்மேன்', வெள்ளையில் சிவப்பும் பச்சையும் வந்தால் 'கிறிஸ்துமஸ் ட்ரீ'. சேகரிப்பாளர்கள் சூட்டிய இந்தச் செல்லப்பெயர்களே பாதி விலையை ஏற்றிவிட்டன என்பது என் சந்தேகம்.

இரண்டுக்கும் பொதுவானது மேற்பரப்பு. சிறு சில்லு பெயர்ந்தாலும், அடிபட்டு உள்ளே பிறைபோல் விரிசல் விட்டாலும் விலை சரியும். வழக்கமான அளவு முக்கால் அங்குலத்துக்குள். ஒரு அங்குலத்தை எட்டியது அரிது.

புதிதாகச் சேர்ப்பவருக்கு அக்ரோதான் ஏற்றது, திருகு ஏமாற்றாது. பெல்டியருக்குக் கண் பழக வேண்டும். எதை வாங்கினாலும், கீறலை மறைக்க மெருகேற்றிய கோலிக்கு முழுவிலை கொடுக்காதீர்கள்.