இப்படிக்கு என்று பெயர் போட்ட காலம்

பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பெயர் வந்தது 1878-இல். காலணா போஸ்ட் கார்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது அடுத்த ஆண்டு, 1879 ஜூலை 1-ஆம் தேதி. கால்வாயின் தென்கோடி எங்கள் மரக்காணம். இங்கே வாரிய உப்பு படகேறிச் சென்னைப் பக்கம் போனது. பிழைக்கப் போனவர்களின் சேதி கார்டில் வந்தது. உப்பளத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதனால் கடுதாசி எழுதும் வேலை பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தலையில் விழுந்தது. 1970-களில் எங்கள் தெருவுக்கு அந்தப் பிள்ளை நான். பின்னாளில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகிப் பல வருடம் கடிதப் பாடம் நடத்தினேன். ஆனாலும் மரியாதையாக எழுதும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது எங்கள் வீட்டுத் திண்ணைதான்.

மழைக்காலம் வந்தால் பாத்திகள் முழுகிவிடும். தை பிறந்து தண்ணீர் வடியும்வரை அளத்தில் வேலை இல்லை. ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போவார்கள். கடுதாசி எழுதும் பருவமும் அதுதான். என் பாட்டி, அதாவது ஆயா, தரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சிலேட்டை மடியில் வைத்து அதன்மேல் கார்டை வைத்து எழுதுவேன். ஒரு மாதம் சித்தப்பா பணம் அனுப்பவில்லை. வீட்டில் ஆளுக்கொரு ஏச்சு. நான் கேட்டதையெல்லாம் கார்டில் இறக்கப் பார்த்தேன். ஆயா கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவத்த கடுதாசில போடாதடி. அவன் அங்க யார வச்சி படிப்பானோ? உடம்பு எப்படி இருக்கு, வேளைக்குச் சாப்பிடறியான்னு மொதல்ல கேளு. பணத்த கடசில கேட்டுக்கலாம்." எழுதி முடித்ததும் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு ஏதாவது ஒரு வரியை அடிக்கச் சொல்வாள். அடித்தது தெரியாமல் இருக்க அதன்மேல் நான் பூப் போடுவேன்.

கார்டு திறந்த கடுதாசி. தபால்காரர் படிப்பார், போய்ச் சேரும் இடத்தில் மேஸ்திரி படிப்பார், எழுத்துத் தெரியாத சித்தப்பாவுக்குப் பக்கத்து ஆள் படித்துச் சொல்வார். நாலு பேர் காதில் விழப்போகிறது என்று தெரிந்தே எழுதினோம். அந்த நினைப்பு கையைக் கட்டுப்படுத்தியது.

எப்படி விளிப்பது என்பதற்குப் பழைய முறை ஒன்று இருந்தது. பெரியவர்களுக்கு மகாராஜராஜஸ்ரீ, இளையவர்களுக்குச் சிரஞ்சீவி, சுமங்கலிக்குச் சௌபாக்கியவதி. பிறகு இவ்விடம் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும். கல்யாணக் கடுதாசி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள். சின்னப் பிள்ளைக்கு எழுதினாலும் நீண்ட ஆயுளை வாழ்த்திவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்கள் என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதிக்குப் பதில் திரு, திருமதி என்பதை அரசு வழக்காக்கியது. நாங்கள் பள்ளியில் படித்தது, 'அன்புள்ள' என்று தொடங்கி, 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதும் புது முறை.

பழசு எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மரியாதையில் பாதி பயம். நிலக்காரருக்கும் அதிகாரிக்கும் எழுதும்போது 'சமூகத்துக்கு அடியேன் தெரிவித்துக்கொள்வது' என்று குனிந்து எழுத வேண்டும். அவர்களிடமிருந்து பதில் வந்தால் அதில் வா, போ என்றுதான் இருக்கும். மேலே போன மரியாதை கீழே திரும்பவில்லை, சாதி அதைத் திரும்ப விடவில்லை. மொட்டைக் கடிதமும் அந்தக் காலத்துச் சரக்குதான். பெண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதிப் பெயர் போடாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நிச்சயித்த கல்யாணம் நின்றுபோகும். அதனால்தான் வகுப்பில் 'இப்படிக்கு' என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், கீழே பெயர் இல்லாத கடிதத்தைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடையில் வகுப்பு என்பது வாட்ஸ்அப் குரூப் ஆகிவிட்டது, அம்மாவின் போன் பிள்ளையின் கைக்குப் போனது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். ஓய்வுபெற்றிருந்த நான் அந்தத் திட்டத்தில் எங்கள் பக்கத்தில் நடந்த மாலை வகுப்புக்குத் துணையாகப் போய் உட்காருவேன்.

அங்கே வந்த ஒரு பையன், விடுமுறை நாளில் அப்பாவோடு அளத்தில் இறங்கியிருக்கிறான். முழங்கால்வரை உப்புப் பூத்து நின்றவனை யாரோ படம் பிடித்தார்கள். அதை ஸ்டிக்கராக்கிப் பிள்ளைகள் குரூப்பில் சுற்றவிட்டார்கள், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை. இத்தனைக்கும் அனுப்பியவர்களில் பாதிப்பேரின் அப்பாவும் உப்பு வாருகிறவர்தான். பையன் வருவதை நிறுத்திவிட்டான். நான் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ போட்டத உங்க ஆயாகிட்ட காட்டி, என்னன்னு படிச்சுச் சொல்லிட்டு வா" என்றேன். ஒரு பிள்ளைகூட அதைச் செய்யத் துணியவில்லை. மறுநாள் ஆளுக்கொரு கார்டு கொடுத்தேன். விளி போட்டு, நலம் கேட்டு, கீழே தன் பெயரும் எழுதி அந்தப் பையனுக்கு அனுப்ப வைத்தேன். ஒருத்தி, "டேய்னு ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். "அவன் உன் சிநேகிதன்னா ஆரம்பி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'அன்புள்ள நண்பனுக்கு' என்று எழுதினாள். அடுத்த வாரம் பையன் வந்தான்.

போனைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, இந்தப் பிள்ளைகள் வாழப்போவது அதற்குள்தான். அவர்கள் அனுப்புவதையும் கார்டைப்போல எத்தனை பேரோ பார்க்கிறார்கள், ஆனால் யார் முகமும் அனுப்புகிற பிள்ளையின் கண்ணில் படுவதில்லை. அன்று எழுதியதை ஆயா ஒருமுறை காதால் கேட்ட பிறகே தபால் பெட்டிக்குப் போனது. இன்று விரலுக்கும் குரூப்புக்கும் நடுவில் யாரும் இல்லை. அந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் போய் உட்கார வேண்டும், அதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை மெசேஜ் அடிக்கும்போது, "எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டிட்டு அனுப்பு" என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள்.